‘அனைவரும் வருக’ பலகையும் வாசலில் நிற்க ஆளும்

நாட்டின் எந்தப் பட்டணத்துக்குப் போனாலும் தமிழ்ச் சபை ஒன்றின் வாசலில் அந்தப் பலகையைப் பார்க்கலாம். ஆராதனை நேரம், போதகரின் பெயர், கைப்பேசி எண், அதற்குக் கீழே ‘அனைவரும் வருக’. போதகர் மாறினால் பெயர் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எண்ணையும் மாற்றுவார்கள். கடைசி வரி மட்டும் அப்படியே இருக்கும்.

அந்தக் கடைசி வரியை நிறைவேற்றுவது யாருடைய வேலை என்பதை மட்டும் எந்தப் பலகையும் சொல்வதில்லை.

ஒரு தாய், மூன்று பிள்ளைகளுடன், பலகையை நம்பி முதன்முறையாக உள்ளே வருகிறார் என்று கொள்ளலாம். பிபிஆர் அடுக்குமாடியிலிருந்து கிராப் கார் பிடித்து வந்திருக்கிறார். முன் கேட் பூட்டியிருக்கிறது. பக்கவாட்டுக் கேட் வழியாகப் போக வேண்டும் என்பது சபை உறுப்பினர்களுக்கு மட்டுமே தெரியும். உள்ளே போனால் எங்கே உட்காருவது, பாட்டுப் புத்தகம் எங்கே, சின்னப் பிள்ளையை ஞாயிறு பள்ளிக்கு அனுப்புவதா தன்னோடு வைத்துக்கொள்வதா, எப்போது எழுந்து நிற்பது, எதுவும் அவருக்குத் தெரியாது. ஆராதனை முடிந்ததும் கூட்டம் குழுக் குழுவாக நின்று பேசிக் கலைகிறது.

மறு வாரம் அவர் வருவாரா மாட்டாரா என்பது பிரசங்கத்தைப் பொறுத்ததல்ல. கேட்டைத் திறந்து விட்டவர், இருக்கை காட்டியவர், பிள்ளையின் பெயரைக் கேட்ட ஞாயிறு பள்ளி ஆசிரியை, தேநீர் நீட்டிய மாதர் சங்கத்து அம்மா, புதன்கிழமை போன் செய்து விசாரித்தவர் ஆகிய ஐந்து பேரைப் பொறுத்தது. இந்த ஐவரில் சம்பளம் வாங்குபவர் அநேகமாக ஒருவர். சிறிய சபைகளில் அந்த ஒருவரும் இல்லை.

சபை ஊழியர் என்றதும் பலருக்குப் போதகர் மட்டுமே நினைவுக்கு வருகிறார். பெரிய ஆங்கிலச் சபைகளில் நிலைமை வேறு. அங்கே தலைமைப் போதகர், துணைப் போதகர், இளையோர் ஊழியர், சிறுவர் ஊழியர், இசைப் பொறுப்பாளர், அலுவலக நிர்வாகி, கணக்காளர், பராமரிப்பாளர் என்று ஒரு நிறுவனத்துக்குரிய ஆள்பலம் உண்டு. தமிழ்ச் சபையில் இத்தனை வேலைகளையும் போதகரும் அவர் மனைவியும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஊரில் ‘கோயில்குட்டி’ என்று அழைக்கப்பட்ட பணியாளர், அதாவது மணி அடித்து, பாய் விரித்து, விளக்கு ஏற்றி, கதவைத் திறந்து பூட்டியவர், இங்கே ஓய்வு பெற்ற ஒரு பெரியவராக இருக்கிறார். மாதம் ஏதோ ஒரு சிறு தொகையை உறையில் போட்டுக் கொடுப்பது வழக்கம்.

அந்த உறைதான் இப்போது சிக்கலாகிறது. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்ற உத்தரவு 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளிகளுக்கும், ஆகஸ்ட் 1 முதல் ஐந்துக்கும் குறைவான ஆட்களை வைத்திருப்பவர்களுக்கும் நடைமுறைக்கு வந்தது. முழுநேரமாக ஒருவரை வேலைக்கு வைத்தால் அந்தத் தொகையோடு ஊழியர் சேமநிதி, சொக்சோ கணக்கும் சேரும். ஞாயிற்றுக்கிழமை எண்பது பேர் வரும் ஒரு சபைக்கு, அதிலும் பாதிப் பேர் மாணவர்களும் ஓய்வு பெற்றவர்களுமாக இருக்கும் சபைக்கு, இது பெரிய தொகை. ‘ஊழியம்தானே, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று சமாளித்த காலம் ஒன்று இருந்தது. தொழிலாளர் உரிமை பற்றி மேடையில் பேசும் திருச்சபை தன் வாசலைப் பெருக்குபவருக்கு உறையில் போட்டுக் கொடுப்பது எப்படி என்று இளையோர் கேட்கத் தொடங்கினால் பதில் சொல்வது கடினம்.

சைக்கிளில் வந்த உபதேசியார்

பால்மரக் காட்டு நாட்களில் இந்தக் கேள்வி எழவில்லை. தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் போதகர் மாதம் ஒருமுறை வருபவர். வாரா வாரம் வந்தவர் உபதேசியார். பல தோட்டங்களுக்கு ஒருவர், ஒரு சைக்கிள். லயத்து வாசலில் நின்று ஜெபித்தார் என்பது அவர் வேலையில் ஒரு பகுதிதான். ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டினார், பதில் எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் யார் கிடக்கிறார், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கிராணியாரிடம் பேசத் துணிவில்லாதவருக்காகப் பேசினார். பக்கத்து வீட்டு மாரியம்மன் பக்தரும் அவரை ‘உபதேசியாரே’ என்றுதான் கூப்பிட்டார். அவர் வந்தது மதம் மாற்றவா, நலம் விசாரிக்கவா என்று பிரித்துப் பார்க்கும் அவசியம் அந்த லயத்தில் பலருக்கு இல்லை.

இந்தப் பதவிக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் பெருமையும் உண்டு, வெட்கமும் உண்டு. 1706 ஜூலையில் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கிய நாள் முதல் தமிழ்ப் புரோட்டஸ்டன்ட் சபையைக் கட்டியவர்கள் பெரும்பாலும் உள்ளூர் உபதேசியார்களே. வெளிநாட்டு மிஷனரி அறிக்கை எழுதினார், உபதேசியார் நடந்தார். 1733-ல் ஆரோன் என்பவர் முதல் தமிழ்ப் புரோட்டஸ்டன்ட் போதகராக அபிஷேகம் பெற்றார். அவர் வேளாளர். அதே காலத்தில் தஞ்சாவூர்ப் பகுதியில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். முன்னாள் படைவீரர், திறமையானவர், தன் உழைப்பால் சபைகளை வளர்த்தவர். அவரையும் போதகராக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. ஆனால் அவர் பறையர் சமூகத்தவர். அவர் கையால் மற்றச் சாதியார் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற தயக்கத்தில் மிஷனரிகள் பின்வாங்கினர். கடைசிவரை அவர் உபதேசியாராகவே இருந்தார். தரங்கம்பாடி ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கை இருந்ததும் அதே நூற்றாண்டில்தான்.

இது எங்கோ நடந்த பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. மலேசிய லுத்தரன் திருச்சபை அந்தத் தரங்கம்பாடி வேரிலிருந்து வந்தது. பிரிக்பீல்ட்ஸில் நிற்கும் சீயோன் ஆலயம் அந்தக் குடியேறிகளின் அடையாளம். மெதடிஸ்ட் தமிழர்களில் ஒரு பகுதியினரோ யாழ்ப்பாண வழி. அமெரிக்க மிஷன் 1823-ல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியும் அதைச் சுற்றி எழுந்த பள்ளிகளும் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தன. அந்தக் கல்வியோடு மலாயா வந்தவர்கள் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணிகளானார்கள். செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பட்டணத்துத் தமிழ்ச் சபைகளில் முன் வரிசை அவர்களுக்கு இயல்பாகக் கிடைத்தது. தோட்டத்திலிருந்து வந்தவர் பின் வரிசையில் உட்கார்ந்தார். அங்கே உட்காரும்படி யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று எந்தச் சபையிலும் அப்படி ஒரு வரிசை கிடையாது. ஆனால் புதிதாக வந்தவரிடம் கேட்கப்படும் இரண்டாவது கேள்வி ‘எந்தத் தோட்டம்?’ என்பதாகவும், மூன்றாவது கேள்வி ‘சொந்தக்காரர்கள் யார்?’ என்பதாகவும் இருந்தால், எதை அறிய அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்று வந்தவருக்குப் புரிந்துவிடும். வாசலில் நிற்பவருக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம் எதைக் கேட்கக் கூடாது என்பதே.

வரவேற்பு நன்றாக நடந்த கதைகளும் உண்டு. 1887-ல் சோஃபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி சிங்கப்பூர் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு பள்ளி தொடங்கினார். முதல் மாணவிகள் ஒன்பது பேரும் தமிழ்ச் சிறுமிகள். தங்கள் பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று கேட்டு முன்வந்தவர்கள் அங்கிருந்த இந்திய வணிகர்கள். இன்று சிங்கப்பூரில் பேர்போன மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தொடக்கம் அதுதான். 1976 வரை இரு நாட்டு மெதடிஸ்ட் சபைகளும் ஒரே திருச்சபையாக இருந்ததால் இது மலேசிய மெதடிஸ்ட்களின் கதையும்கூட. அப்பாமார் வந்து கேட்டபோது ‘முதலில் ஞானஸ்நானம், பிறகு பள்ளி’ என்று சொல்லியிருந்தால் அந்த ஒன்பது பேர் வந்திருக்க மாட்டார்கள். இங்கேயும் காப்பார், புந்தோங் போன்ற இடங்களில் தமிழ்ப்பள்ளிகள் மெதடிஸ்ட் என்ற பெயரை இன்னும் தாங்கி நிற்கின்றன. அங்கே படித்தவர்களில், படிப்பவர்களில் பெரும்பாலோர் இந்துப் பிள்ளைகள்.

தோட்டம் போனது, தூரம் வந்தது

ரப்பர் செம்பனையானது, செம்பனைத் தோட்டம் வீடமைப்புத் திட்டமானது. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இழந்தவை பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. தோட்டத்து ஜெப வீடுகள் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்தவை அவை. பதிவும் கிடையாது, நிலப் பட்டாவும் கிடையாது. மக்கள் கிளம்பியதும் அவை இல்லாமல் போயின.

குடும்பங்கள் சிதறிய விதம் முக்கியம். ஒரே லயத்தில் இருந்த பத்துக் குடும்பங்கள் பத்துத் திசைகளில் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போயின. உபதேசியாரின் சைக்கிள் அங்கே எட்டாது. பட்டணத்துச் சபையோ பழைய ரயில் நிலையத்துக்கு அருகில், நூறாண்டுக்கு முன் கிராணிமார் குடியிருந்த இடத்திலேயே நிற்கிறது. அடுக்குமாடியிலிருந்து அங்கே போக பஸ் சரியில்லை, கிராப் கட்டணம் போகவும் வரவும் முப்பது வெள்ளிக்கு மேல் ஆகலாம். பிள்ளைகள் மூன்று, சம்பளக்காரர் ஒருவர் என்றால் மாதத்துக்கு நான்கு ஞாயிறும் அந்தச் செலவைத் தாங்குவது யார்?

அதனால் இன்று ஒரு தமிழ்ச் சபை ‘அனைவரையும் வரவேற்கிறோம்’ என்றால் முதலில் அர்த்தமாவது வேன். வேன் இருந்தால் ஓட்டுநர் வேண்டும். ஓட்டுநருக்கு உரிமம், வேனுக்குக் காப்புறுதி, சாலைவரி, டயர். காலை ஏழு மணிக்கு ஐந்து மாடி ஏறிக் கதவைத் தட்டி ‘அம்மா, வேன் வந்துவிட்டது’ என்று சொல்ல ஒருவர். இந்த ஒருவர்தான் இன்றைய உபதேசியார். அவருக்குப் பதவிப் பெயரும் இல்லை, பலகையில் இடமும் இல்லை.

இந்த இடத்தில் கடைவீட்டு மேல்மாடிச் சபைகளைக் கவனிக்காமல் போக முடியாது. தமிழர் அதிகம் வாழும் புறநகர்களில் கார் பட்டறைக்கு மேலேயும் மளிகைக் கடைக்கு மேலேயும் சுயேச்சைப் பெந்தெகொஸ்தே சபைகள் முளைத்திருக்கின்றன. பழைய திருச்சபைகளின் மூத்தவர்கள் அவற்றை ஏளனமாகப் பேசுவது உண்டு. ஆனால் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் இருப்பவை அவைதான். போதகர் வாரத்தில் லாரி ஓட்டுவார் அல்லது பாதுகாவலர் வேலை பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை அதே அடுக்குமாடியில் தன் அண்டைவீட்டாரை அழைத்து வருவார். புதியவரின் பெயர் அவருக்கு மறக்காது, ஏனென்றால் வருபவர்களே இருபது பேர். இன்னொரு பக்கமும் உண்டு. காணிக்கைக் கணக்கும் முடிவுகளும் ஒரு குடும்பத்தின் கையில் இருக்கும். கேள்வி கேட்டவர் அடுத்த வாரம் வேறு சபை தேட வேண்டியிருக்கும்.

மெதடிஸ்ட் முறை அதற்கு நேர் எதிர். போதகர்களைச் சபை தேர்ந்தெடுப்பதில்லை. ஆண்டு மாநாட்டில் நியமனம் வாசிக்கப்படுகிறது. ஜான் வெஸ்லி குதிரையில் ஊர் ஊராகப் போன காலத்து வழக்கம் இது. சபை எந்தப் போதகரின் சொத்தும் ஆகாமல் காப்பது இதன் பலம். பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. புதிதாக வரும் போதகர் எந்த மாடியில் யார், எந்த வீட்டில் சண்டை, எந்தப் பையன் பள்ளிக்குப் போகவில்லை என்று தெரிந்துகொள்ள ஓர் ஆண்டு ஆகும். அவர் நன்றாகத் தெரிந்துகொண்ட நேரத்தில் இடமாற்றம் வரலாம். போதகர் மாறும் சபையில் மாறாத ஒருவர் வாசலில் இருந்தே ஆக வேண்டும். பழைய மாதர் சங்கத்து அம்மாக்கள் அந்த வேலையைத்தான் பல்லாண்டாகச் செய்துவந்தார்கள். அவர்களுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. மகள்மார் வேலைக்குப் போகிறார்கள், ஞாயிறு ஒன்றே அவர்களுக்கு ஓய்வு நாள். மருமகள்மார் பாதிப் பேர் ஆங்கிலச் சபைக்குப் போய்விட்டார்கள்.

மொழிவாரி வீடு

மலேசிய மெதடிஸ்ட் திருச்சபை மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தமிழ் ஆண்டு மாநாடு, சீன ஆண்டு மாநாடு, ஆங்கிலம் பேசும் டிரினிட்டி ஆண்டு மாநாடு, சரவாக்கில் சீனர்களுக்கும் இபான்களுக்கும் தனித்தனி மாநாடுகள், செமாய் பூர்வகுடியினருக்கான செங்கோய் மாநாடு என்று பல. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், அனைத்துக்கும் மேலே ஒரு பேராயர். தமிழருக்கு இதனால் கிடைத்தது அதிகம். கூட்டம் தமிழில் நடக்கிறது, தீர்மானம் தமிழில் எழுதப்படுகிறது, தலைமை தமிழர் கையில் இருக்கிறது. திருச்சபையின் உச்சிக்கும் தமிழர்கள் போயிருக்கிறார்கள். 1973-ல் மலேசிய-சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபையின் பேராயராகத் தியோடர் துரைசாமி வந்தார். 2020-ல் மலேசியப் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டாக்டர் டி. ஜெயக்குமார் தமிழ் மாநாட்டிலிருந்து வந்தவர்.

ஆனால் மொழிவாரி வீடு என்றால் மொழிவாரிப் பணப்பெட்டியும்தான். சமூகத்தின் பொருளாதாரம் எப்படியோ அப்படியே சபையின் காணிக்கைப் பையும். நல்ல வேலைக்குப் போன தமிழ்ப் பிள்ளை, படித்த மொழி ஆங்கிலம் என்பதால் ஆங்கிலச் சபைக்குப் போகிறது. அதன் தசமபாகமும் அங்கே போகிறது. அந்தச் சபை ஒளியும் ஒலியும் மேம்படுத்துகிறது, நான்காவது இளையோர் ஊழியரை நியமிக்கிறது. தாத்தா பாட்டியை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போவது மட்டும் தமிழ்ச் சபையின் ஒரே போதகர். ஒரே திருச்சபைக்குள் இந்த ஏற்றத்தாழ்வு எத்தனை காலம் போகும் என்று கேட்பதில் தவறில்லை. ஆங்கிலச் சபைகள் தமிழ்ச் சபைகளுக்கு அரிசியும் பள்ளிப் புத்தகப்பையும் நன்கொடையாகத் தருவது நல்ல காரியம். வேன் ஓட்டுபவரின் சம்பளத்தை மூன்றாண்டுக்கு ஏற்பது அதைவிட நல்ல காரியம். அரிசி தருபவர்கள் படம் எடுத்துக்கொள்ளலாம், சம்பளத்தைப் படம் எடுக்க முடியாது என்பது ஒருவேளை காரணமாக இருக்கலாம்.

ஆள் எங்கே கிடைப்பார் என்பது இன்னொரு தலைவலி. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன் திருச்சபைகள் சேர்ந்து 1979-ல் தொடங்கிய மலேசிய இறையியல் கல்லூரி இன்று சிரம்பானில் இயங்குகிறது. எஸ்பிஎம் முடித்த ஒரு தமிழ்ப் பையனோ பெண்ணோ அங்கே போக வேண்டுமென்றால் வீட்டில் சம்மதம் கிடைக்க வேண்டும். தோட்டத்திலிருந்து வெளியேறி முதல் தலைமுறையாகப் படித்த குடும்பம், பிள்ளை டாக்டரோ பொறியியலாளரோ ஆகவில்லையென்றால் குறைந்தது கடனை அடைக்கட்டும் என்றே எதிர்பார்க்கும். குறைந்த சம்பளம், அடிக்கடி இடமாற்றம், பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றம் என்ற வாழ்க்கைக்கு அனுப்ப மனம் வராது. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போதகரை அழைக்கலாம் என்றால் கோயில் குருக்களை அழைக்க நிர்வாகங்கள் படும் அதே விசா பாடுதான். அப்படியே வந்தாலும் பதினைந்து வயதுப் பையன் பேசும் மலாயும் ஆங்கிலமும் கலந்த தமிழ் அவருக்குப் புரிய நாள் ஆகும்.

எல்லையும் சந்தேகமும்

‘அனைவரும்’ என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் சட்டத்தின் எல்லை உண்டு. கூட்டரசு அரசியலமைப்பின் 11-வது பிரிவு ஒவ்வொருவருக்கும் தன் மதத்தைப் பின்பற்றும் உரிமையையும், ஒவ்வொரு மதக் குழுவுக்கும் தன் காரியங்களைத் தானே நிர்வகிக்கும் உரிமையையும், தர்ம நிறுவனங்கள் நடத்தும் உரிமையையும் தருகிறது. முஸ்லிம்களிடையே மற்ற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த அதே பிரிவு இடமளிக்கிறது. 2011 ஆகஸ்டில் டமன்சாரா உத்தாமா மெதடிஸ்ட் ஆலயத்தில் ஒரு சமூக நல அமைப்பு நடத்திய விருந்துக்குள் சிலாங்கூர் சமய அதிகாரிகள் நுழைந்த சம்பவம் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த அமைப்போடு தொடர்புடைய போதகர் ரேமண்ட் கோ 2017 பிப்ரவரி 13-ஆம் தேதி பெட்டாலிங் ஜெயாவில் பட்டப்பகலில் கடத்தப்பட்டார். போலீஸ் சிறப்புப் பிரிவே அதற்குப் பின்னால் இருந்தது என்ற முடிவுக்கு 2019-ல் சுஹாகாம் வந்தது. 2025 நவம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அரசாங்கத்தையும் போலீசையும் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. ஏழை எளியவருக்குச் சோறு போடும் எந்தச் சபையும் இந்தப் பெயரை மறக்கவில்லை. வாசலில் நிற்கும் தொண்டூழியர் சற்றுத் தயங்குவதற்கு அவர் மனக்கடினம் மட்டுமே காரணமல்ல.

தமிழர்களுக்குள் சந்தேகம் வேறு வகை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் சுமார் 6 விழுக்காட்டினர், இந்துக்கள் 86 விழுக்காட்டினர். பல குடும்பங்களில் அண்ணன் கோயிலுக்கும் தம்பி சபைக்கும் போகிறார்கள், தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே முறுக்கு. இப்படிப்பட்ட சமூகத்தில் இலவச டியூஷன் வகுப்புக்கு வரும் பிள்ளையிடம் அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் ஜெபம் சொல்லிக்கொடுத்தால் அது ஊழியம் ஆகாது, நம்பிக்கை மோசடி. இந்து அமைப்புகள் இதைக் கண்டித்தால் அதில் நியாயம் உண்டு. அதே நேரத்தில் சபை கொடுக்கும் ஒவ்வொரு அரிசி மூட்டையையும் மதமாற்றக் கூலி என்று சமூக ஊடகத்தில் எழுதுவதும் அநியாயம். அந்த மூட்டையைத் தூக்கி ஐந்து மாடி ஏறிய தொண்டூழியருக்கும், அதை வாங்கிக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்த தாய்க்கும் மானம் உண்டு.

கோட்டைத் தெளிவாகப் போடும் வேலையும் ஊழியர்களையே சாரும். டியூஷன் என்றால் டியூஷன், ஆராதனை என்றால் ஆராதனை. எது எப்போது நடக்கிறது என்று பெற்றோருக்கு எழுத்தில் போக வேண்டும். பிள்ளை வீட்டுக்குப் போய் ‘அங்கே என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்விக்குச் சொல்லும் பதில் அந்தத் தாளோடு ஒத்துப்போக வேண்டும்.

பிள்ளைகள் என்றதும் இன்னொன்று. 2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் ஜிஐஎஸ்பி நிறுவனத்தோடு தொடர்புடைய இல்லங்களிலிருந்து 402 பிள்ளைகள் மீட்கப்பட்டபோது நாடே அதிர்ந்தது. அது வேறு மதத்தாரின் பிரச்சினை என்று எந்த ஆலய நிர்வாகமும் எண்ணக் கூடாது. சமயத்தின் பெயரால் திறந்திருக்கும் கதவுக்குள் தவறானவர் நுழைவது எளிது என்பதை அது காட்டியது. சிறுவர் பாலியல் குற்றங்கள் சட்டம் 2017-லேயே வந்துவிட்டது. குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே அதன்படி குற்றம். ஆனாலும் பல சிறிய சபைகளில் ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர் தேடும் முறை, அறிவிப்பின்போது ‘யாராவது உதவி செய்ய முடியுமா?’ என்று கேட்டுக் கை உயர்த்தியவரைச் சேர்த்துக்கொள்வதுதான். ஆள் பற்றாக்குறை இருக்கும்போது யாரையும் விசாரிக்க மனம் வருவதில்லை. அனைவரும் உள்ளே வரலாம், ஆனால் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் அனைவரும் போக முடியாது என்று சொல்லும் துணிவுள்ள ஊழியர் ஒருவர் வேண்டும். போதகரின் சொந்தக்காரரையும் சபைக்கு அதிகம் கொடுப்பவரையும் அவர் அதே அறை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க முடிய வேண்டும். சம்பளமில்லாத, பதவியில்லாத, அடுத்த ஆண்டு இருப்பாரா என்று தெரியாத ஒருவரால் அது முடியாது.

ஆண்டு இறுதியில் சபைக் கூட்டங்கள் கூடும். வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும். கூரைப் பழுதுக்கு ஒரு தொகை, புது ஒலிபெருக்கிக்கு ஒரு தொகை, ஆண்டு விழா விருந்துக்கு ஒரு தொகை. இவற்றுக்கு அரை மணி நேரம் விவாதம் நடக்கும், எந்த நிறுவனத்து ஒலிபெருக்கி என்பதற்கே பத்து நிமிடம் போகும். கடைசிப் பக்கத்தில் ‘ஊழியர் நலன்’ என்ற வரி வரும்போது மதியச் சாப்பாட்டு நேரமாகியிருக்கும், சென்ற ஆண்டுத் தொகையே இருக்கட்டும் என்று ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். அந்த வரியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, வேன் ஓட்டுபவர் யார், அவருக்கு மாதம் எவ்வளவு, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களைச் சரிபார்ப்பது யார் என்று முதலிலேயே பேசும் சபைகளும் இருக்கின்றன. அவற்றின் கூரை இன்னும் ஒழுகலாம். பிபிஆர் ஐந்தாவது மாடியிலிருந்து மூன்று பிள்ளைகளோடு இறங்கும் அந்தத் தாய்க்குக் கீழே வேன் நிற்கும்.